டிராகன் பார்க்கவா, புத்தகம் வாசிக்கவா, பீங்கானைக் கீழே இறக்கவா?

#1 தக்கலை மருமகள்

வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. தீர்ப்பு சொல்ல ஆள் வேண்டும்.

எங்கள் முன்னறையில் ஒரே சுவரில் மூன்று சங்கதிகள். நடுவில் டிவி, இடப்பக்கம் புத்தக அலமாரி, வலப்பக்கம் கண்ணாடி அலமாரி. டிவி தினமும் ராத்திரி ஓடும். எனக்கும் அவருக்கும் டிராகன், மந்திரவாதி, சாபம், சிம்மாசனம் என்று ஏதாவது ஒன்று இருந்தால் போதும். மறுநாள் வேலைக்குப் போகணும் என்பதே மறந்துபோகும். புத்தக அலமாரியில் பாதிக்குமேல் நான் ஆசையாக வாங்கி, இன்னும் வாசிக்காதவை. கண்ணாடி அலமாரியில் இருப்பது மாமியின் பீங்கான் செட். மாமா மஸ்கட்டில் இருந்த காலத்தில் லீவுக்கு வரும்போது மடியில் வைத்தே கொண்டுவந்தாராம். வெள்ளையில் சாம்பல் கலந்த நீலக் கொடி, விளிம்பில் மெல்லிசாகத் தங்கக் கோடு. "முக்கியமான ஆளு வரும்போ எடுக்கலாம்" என்பார் மாமி. கல்யாணம் முடிந்து நான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றுகூட எவர்சில்வர் டம்ளரில்தான் பால் வந்தது. அந்த முக்கியமான ஆள் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

மாமி கட்சி: வாசிக்காத புத்தகத்துக்குக் காசு போட்டது வீண். என் கட்சி: அப்படியானால் குடிக்காத கோப்பையும் வீண்தானே. அவர் கட்சி: ரிமோட்டை இங்கே கொடு.

வழக்கு இதுதான். மூன்றையும் அனுபவிக்கிற மாதிரி ஒரு வழி உண்டா? எதை முதலில் எடுப்பது?

#2 பார்வதிபுரம் வாசகன்

வாசிக்காத புத்தகம் வீண் என்று மாமி சொன்னால், நீங்கள் ராத்திரி பார்க்கிற தொடரையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.

'ரிங்ஸ் ஆஃப் பவர்' 2022 செப்டம்பரில் வந்தது, தமிழிலும் பேசியது. அதற்கு மூலக்கதை எங்கே இருக்கிறது தெரியுமா? டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் தொகுதி 1955ல் வந்தது. அதன் கடைசியில் பின்னிணைப்புகள் என்று ஒரு பகுதி உண்டு. வம்சாவளி, ஆண்டு வாரியாக நடந்த சம்பவங்கள், எழுத்து முறை, நாள்காட்டி. நாவலை முடித்த களைப்பில் நிறையப் பேர் அந்தப் பக்கங்களை விரலால் தள்ளிவிட்டு மூடிவிடுவார்கள். 1977ல் வந்த 'சில்மரில்லியன்' நூலுக்கான உரிமை தொடரை எடுத்தவர்களிடம் இல்லை. ஆகவே அந்தப் பின்னிணைப்பில் ஒரு வரி, அரை வரியாகக் கிடந்ததை ஊதிப் பெருக்கித்தான் இவ்வளவு பெரிய தொடரை எடுத்தார்கள். யாரும் வாசிக்காத பக்கம்தான் உங்கள் வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011ல் தொடங்கி 2019ல் 73 அத்தியாயங்களோடு முடிந்தது. மூல நாவல் வரிசையில் முதல் புத்தகம் 1996, ஐந்தாவது 2011. ஆறாவதற்கு உலகமே காத்துக்கிடக்கிறது. தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு ஓடிப்போய் தானாக ஒரு முடிவையும் சொல்லிவிட்டது. டிவி பார்த்தவருக்கு முடிவு தெரியும், பக்கம் பக்கமாக வாசித்தவருக்குத் தெரியாது. இந்த வகைக் கதையில் வாசிக்காமல் தள்ளிப்போட்டவருக்கு ஒன்றும் பெரிய நஷ்டமில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

நம்மூர்க் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஜெயமோகன் நாகர்கோவிலில் இருந்துகொண்டு 2014 முதல் 2020 வரை எழுதிய வெண்முரசு 26 நாவல்கள். அதை முழுவதும் வாங்கி அடுக்கியவர்களை எனக்குத் தெரியும், முழுவதும் முடித்தவர்களையும் தெரியும். இரண்டு பட்டியலும் ஒன்றில்லை. அதற்காக முதல் பட்டியலில் இருப்பவர்களை நான் குறைவாக நினைத்ததில்லை. நாலாவது நாவலில் நிற்பவருக்கு ஐந்தாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் அங்கேயே நின்றுவிடுவார்.

பொன்னியின் செல்வன் படம் 2022ல் வந்தபோது ஐந்து பாகத்தையும் வாங்கி வைத்தவர்கள் தனி வகை. முதல் பாகத்தின் முதுகு மட்டும் மடங்கியிருக்கும், மற்ற நாலும் கடையில் இருந்த மாதிரியே இருக்கும்.

#3 கத்தார் ரிட்டர்ன்

அக்கா, புத்தகத்தை விடுங்க. ஒரு கோப்பையைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று சொல்லுங்க. வளைகுடாவில் இருந்து அந்தக் காலத்தில் வந்த செட் என்றால் பெரும்பாலும் ஜப்பான் கம்பெனி நோரிடேக்காக இருக்கும். போர்வை, டார்ச் லைட், டேப் ரெக்கார்டர், நோரிடேக். எங்கள் தெருவில் யார் லீவுக்கு வந்தாலும் இதுதான் வரிசை.

#4 தக்கலை மருமகள்

மாமி மத்தியானம் கண் அசந்த நேரம் பார்த்து அலமாரியைத் திறந்தேன். திறக்கிற சத்தத்துக்கே "யாரு?" என்று குரல் வந்தது. நோரிடேக்தான். ஆனால் ஜப்பான் என்று இல்லை, ஸ்ரீலங்கா என்று போட்டிருக்கிறது. போலியா?

#5 கத்தார் ரிட்டர்ன்

போலி இல்லை. கம்பெனி ஜப்பானுடையது, நகோயாவில் 1904ல் தொடங்கியது. 1970களில் இலங்கையில் மாத்தளையில் ஆலை போட்டார்கள். வளைகுடாக் கடைகளில் அந்தச் சரக்கும் நிறைய வந்தது. யோசித்துப் பாருங்க, நமக்கு எதிர்க்கரையில் செய்த தட்டு மஸ்கட் போய், அங்கிருந்து மாமா மடியில் உட்கார்ந்து தக்கலைக்கு வந்திருக்கிறது.

#6 பூதப்பாண்டி சைவம்

ஒரு சந்தேகம். பீங்கானில் மாட்டு எலும்பு சேர்க்கிறார்கள் என்கிறார்களே, நிஜமா? எங்கள் வீட்டில் அம்மாவுக்கு யாரோ சொல்லி, வந்த பரிசு செட்டை அப்படியே பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டார்.

#7 குண்டறைக் களி

பீங்கான் தொழிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நிஜம்தான், ஆனால் எல்லாப் பீங்கானிலும் இல்லை. 'போன் சைனா' என்று அடியில் எழுதியிருந்தால் மட்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஸ்போட் என்பவர் அதை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். சுட்டுப் பொடித்த எலும்புச் சாம்பல் அதில் பாதி அளவுக்குக்கூட இருக்கும். மற்றது வெள்ளைக் களியும் கல்பொடியும். சாதாரணப் பீங்கானில் எலும்பு கிடையாது. வெள்ளைக் களி, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், அவ்வளவுதான். 'ஃபைன் சைனா' என்று விற்பதிலும் எலும்புச் சாம்பல் இல்லை. சைவக்காரர்கள் கேட்டு வாங்குவது அதைத்தான். இரண்டுமே 1200 டிகிரிக்கு மேல் சுடுகிற சரக்கு. அந்த வெள்ளைக் களி ஏதோ சீனாவில் மட்டும் கிடைப்பது என்று நினைக்க வேண்டாம். பழைய திருவிதாங்கூர்ச் சீமையிலேயே, கொல்லம் பக்கம் குண்டறையில் பூமிக்கடியில் குவிந்து கிடக்கிறது. என் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

எலும்பு உண்டா இல்லையா என்று முத்திரை அழிந்த தட்டிலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தட்டைப் பிடித்து, பின்னால் கையை ஆட்டுங்கள். விரல் நிழல் தெளிவாகத் தெரிந்து, வெளிச்சம் பால் ஏடு நிறத்தில் வந்தால் அது போன் சைனா. வெள்ளையில் லேசாக நீலம் ஓடினால் சாதாரணப் பீங்கான். நிழலே தெரியாமல் கெட்டியாக இருந்தால் அது பீங்கானே இல்லை, வெள்ளைப் பூச்சுப் பூசிய மண்தட்டு. இப்போது கல்யாண வீட்டில் பரிசாக வருகிற லா ஓபாலா களிமண்ணே கிடையாது, பால்நிறக் கண்ணாடி. அதனால் பூதப்பாண்டி அம்மா எந்தப் பயமும் இல்லாமல் பரணில் இருந்து இறக்கி, அடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தக்கலை அம்மாவுக்கு இன்னொன்று. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத்தானே அடுக்கியிருக்கிறீர்கள்? ஒரு தட்டை எடுத்து அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். வட்டமாக ஒரு கால் இருக்கும். அந்த வளையத்தில் மட்டும் பளபளப்பு இருக்காது, உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். சூளையில் ஒட்டாமல் இருக்க அந்த இடத்தைத் துடைத்துவிடுவோம். மேல்தட்டின் அந்த வளையம்தான் கீழ்த்தட்டின் பூவை அறுக்கிறது. நடுவில் ஒரு துண்டு மல் துணியோ, டிஷ்யூ தாளோ போடுங்கள். கோப்பையைக் கைப்பிடியில் தொங்க விடவே கூடாது.

#8 திருவட்டாறு டீச்சர்

பீங்கான் வகுப்பு நன்றாகப் போகிறது. நான் டிவிக்கு வருகிறேன், ஏனென்றால் மாமி கட்சிக்கு ஓர் ஓட்டை இருக்கிறது.

மருமகளே, உங்கள் மாமிக்கு டிராகன் பிடிக்காமல் இருக்கலாம். 2004ல் ஏஷியாநெட்டில் கடமற்றத்து கத்தனார் என்ற மந்திரவாதிப் பாதிரியார் தொடர் ஓடியபோது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள். தக்கலையில் அந்த நேரத்தில் ஒரு வீட்டிலாவது அடுப்பு எரிந்திருக்குமா! எங்கள் வீட்டில் டிவி ஆன்டெனா எப்போதுமே திருவனந்தபுரம் பார்த்துத்தான் நிற்கும். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர்களும் அந்தத் தொடரின் வசனத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கதையில் கத்தனார் அடக்குகிற நீலி யார்? நம்ம பார்வதிபுரம் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி. ராத்திரி வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறவள். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட ஐதிஹ்யமாலையில் கத்தனார் கதை இருக்கிறது. இங்கே கோயில் கொடைகளில் நீலி கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுவார்கள். வடக்கே பாதிரியார் ஜெயிக்கிறார். இங்கே அவளுக்குக் கோயில் கட்டிப் படுக்கை என்று படையல் போடுகிறோம். எனக்கு நம்மூர் முடிவுதான் பிடித்தம்.

அதனால் மாயமந்திரத் தொடர் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, வெட்டிப் பொழுது என்று மாமி சொன்னால் நம்ப வேண்டாம். நமக்கு அது வீட்டுச் சோறு.

#9 பார்வதிபுரம் வாசகன்

டீச்சர், நான் கள்ளியங்காட்டில் இருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். இப்போது அங்கே ராத்திரி சுண்ணாம்பு கேட்டால் ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்பார்.

#10 குளச்சல் கரை

பீங்கானை எடுத்தால் உடைந்துவிடும், வைத்தால் வீணாகும் என்று எல்லாரும் பேசுகிறீர்கள். வைத்தால் வீணாகாது. அதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது.

1741ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தெரியும். அதே கம்பெனியின் கெல்டர்மால்சன் என்ற கப்பல், 1752ல் சீனாவில் இருந்து தேயிலையும் பீங்கானும் தங்கமும் ஏற்றிக்கொண்டு போகும்போது தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. அந்தக் காலத்தில் பீங்கான் பெட்டிகளைக் கப்பலின் அடியில் வைப்பார்கள். கனம், நனைந்தாலும் கெடாது. மேலே தேயிலை. மூழ்கியபோது தேயிலை அப்படியே சரிந்து பீங்கானை மூடிக்கொண்டது. 1985ல் தோண்டி எடுத்தார்கள். நீல வெள்ளைத் தட்டு, கோப்பை, சாஸர் என்று லட்சத்துக்கும் மேலே, பெரும்பாலும் கீறல்கூட இல்லாமல். 1986ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. 233 வருஷம் உப்புத் தண்ணீருக்குள்!

இந்தக் கரையிலும் கதை அதுதான். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன. கொல்லம் துறைமுகத்தில் 2014ல் மணல் அள்ளும்போது சீனக் காசும் பீங்கான் துண்டுகளும் வந்தன. அவ்வளவு ஏன், தக்கலை அம்மா வீட்டுப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனையில் சீன வியாபாரிகள் கொடுத்த பெரிய ஜாடிகள் நிற்கின்றன. திங்கள்கிழமை தவிர எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பீங்கானுக்கு அவசரமே இல்லை. அது காத்திருக்கும்.

#11 பேச்சிப்பாறை மழை

குளச்சல் அண்ணாச்சி சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டால் புத்தகம் வருகிறது. புத்தகம் காத்திருக்காது, அதுவும் இந்த மாவட்டத்தில்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு நடுவில் காய்கிற நாளே குறைவு. காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இங்கே மழைக்காலத்தில் அது 80க்குக் கீழே இறங்கினால் அதிசயம். அட்டையில் இருக்கும் பசை மாவுக்காகவே இராமபாணப் பூச்சி வரும். பழைய பதிப்புகளில் தாளே மட்டம். மரக்கூழில் இருக்கும் லிக்னின் காற்றுப் பட்டுப் பழுப்பாகி, கடைசியில் அப்பளமாக நொறுங்கும்.

போன மழையில் ஒரு தடித்த நாவலை எடுத்தேன். வாங்கி வைத்து வருஷக்கணக்காயிற்று. வெளியே அட்டை புதுசு மாதிரி பளபளப்பு. உள்ளே 40ஆம் பக்கத்தில் இருந்து ஒரு சன்னமான ஓட்டை, தையல் ஊசி போகிற அளவு. பக்கத்தைத் திருப்பத் திருப்ப அந்த ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி, 200ஆம் பக்கம் வரைக்கும் வளைந்து வளைந்து போயிருந்தது. கதாநாயகியின் பெயர் வருகிற இடமெல்லாம் பார்த்துத் தின்றிருக்கிறது. எனக்கு முன்னால் அது வாசித்து முடித்துவிட்டது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. அலமாரியை வெளிச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், கை நுழையும் இடைவெளி விடுங்கள். புத்தகங்களைத் திணிக்க வேண்டாம். காய்ந்த நாளில் எடுத்து, விசிறிக் காற்றில் பக்கங்களைப் பிரித்து நிறுத்துங்கள், நேர்வெயில் ஆகாது. பூச்சி பிடித்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது, குளிர் விட்ட பிறகுதான். பாச்சை உருண்டை வாசம் நுரையீரலுக்கு நல்லதில்லை. வசம்பு போடுகிறவர்கள் உண்டு, நானும் போடுகிறேன், மனத் திருப்திக்கு.

இதையெல்லாம்விட ஒன்று: எடுத்துப் புரட்டுகிற புத்தகத்தில் பூச்சி குடியிருக்காது. முழுசாக வாசிக்கக்கூட வேண்டாம், அடிக்கடி திறந்தாலே போதும்.

#12 தக்கலை மருமகள்

ஃப்ரீசர் யோசனையைச் சொன்னதும் மாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நெத்திலி இருக்கு."

ஆனால் ஓட்டை விஷயத்தைக் கேட்டு எழுந்துபோய் என் புத்தகங்களில் நாலைந்தை அவரே உதறிப் பார்த்தார். ஒன்றில் இரண்டு வெள்ளிப் பூச்சி கீழே விழுந்து ஓடின. அப்போது அவர் முகத்தில் இருந்த வெற்றிக் களிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

#13 முட்டம் காற்று

அப்படியானால் வரிசை தெளிவாகிறதே. எது குறைவான நாள் காத்திருக்குமோ அதை முதலில் எடுக்க வேண்டும்.

எல்லாரும் டிவித் தொடர் எங்கேயும் போகாது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். மூன்றில் அதுதான் முதலில் காணாமல் போவது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மாதிரி எச்பிஓ தொடர்கள் எல்லாம் 2023 மார்ச் 31ஓடு ஒரு தளத்தில் இருந்து மொத்தமாக இறங்கின. பிறகு வேறொரு தளத்தில் ஏறின, அப்புறம் தளங்களே ஒன்றோடொன்று சேர்ந்தன. புத்தகமும் பீங்கானும் நம் அலமாரியில் நம்முடையவை. தொடர் மாத வாடகைக்கு வருவது. வீட்டுக்காரர் எப்போது காலி செய்வார் என்று நமக்குச் சொல்ல மாட்டார்.

ஆகவே தொடரை இந்த மாதம் பாருங்கள். புத்தகத்தை இந்த மழைக்குள் திறங்கள். பீங்கானுக்கு இன்னும் 200 வருஷம் இருக்கிறது. மாமி சொன்னதே கடைசியில் சரி.

#14 திருவட்டாறு டீச்சர்

தம்பி, கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிக் கணக்குதான். தட்டு 233 வருஷம் காத்திருக்கும் என்றீர்கள். அந்தக் கப்பலில் போன ஆட்கள்?

#15 முட்டம் காற்று

டீச்சர், நான் பொருளைப் பற்றித்தான் பேசினேன்.

#16 திருவட்டாறு டீச்சர்

கோப்பைக்கு ஒன்றும் ஆகாது என்பதற்காக எதற்கு அதை வாங்கினோம்? எங்கள் வீட்டுப் பக்கம் கிறிஸ்மஸ் அன்று கேக் வெட்டினால் நல்ல தட்டில்தான் வைப்போம். வருஷத்துக்கு ஒரு நாள் என்றாலும் அது வெளியே வரும். ஒன்றிரண்டு உடைந்தும் போயிற்று. அதற்காக யாரும் அடுத்த கிறிஸ்மஸுக்குத் தட்டை ஒளித்து வைக்கவில்லை. புத்தகத்தைத் திறக்காவிட்டால் பூச்சி தின்னும். பீங்கானை எடுத்தால் உடையலாம். ஒன்று சும்மா இருந்தால் அழிகிறது, மற்றது புழங்கினால் அழிகிறது. இரண்டில் எந்த அழிவு கௌரவமானது என்று நான் சொல்ல வேண்டுமா?

#17 தக்கலை மருமகள்

டீச்சர், மாமியைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிற மாதிரி இருந்தது. அவருக்கு 71. முந்தாநாள் தேங்காய் போட ஆள் வரவில்லை என்று தோட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். கெல்டர்மால்சனை இவர் ஒருத்தரே தூக்கியிருப்பார்.

#18 மார்த்தாண்டம் தேன்

யாரும் நடைமுறை பேசவில்லையே. அந்தக் கோப்பையில் எவ்வளவு சாயா பிடிக்கும்? நம்ம ஆட்களுக்கு ஒரு பெரிய கண்ணாடி கிளாஸ் நிறைய வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை நல்ல செட்டை இறக்கினோம். அப்பா ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, "மீதி எங்கே?" என்றார். கைப்பிடிக்குள் அவர் விரலும் நுழையவில்லை.

அப்புறம் தட்டு. வெளிநாட்டுத் தட்டு தட்டையாக இருக்கும். சோறு வைத்து மீன் குழம்பை ஊற்றினால் விளிம்பு தாண்டி மடிக்கு வரும். டிராகன் வேறு பறந்துகொண்டிருந்தால் கண் தட்டில் இருக்காது.

#19 கத்தார் ரிட்டர்ன்

அதற்குத்தான் செட்டில் சூப் தட்டு என்று குழிவாக ஒன்று வரும். நம்மூரில் யாரும் அதில் சூப் குடித்ததில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்துச் சாப்பிட அதைவிட வசதியான பாத்திரம் கிடையாது. குழி சரியாக ஒரு அகப்பை குழம்பைத் தாங்கும். தங்கக் கோடு போட்டதை மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீங்க, பொறி பறக்கும்.

கோப்பை சின்னது என்பது உண்மை. பால் விடாத கட்டஞ்சாயா குடியுங்கள், அளவு சரியாக இருக்கும், நிறமும் தெரியும்.

#20 பார்வதிபுரம் வாசகன்

தொடர் பார்க்கும்போது கோப்பை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசன், நாலாவது அத்தியாயம், 2019 மே. டிராகன் ராணி உட்கார்ந்திருக்கும் விருந்து மேஜையில் இந்தக் காலத்துக் காகிதக் காபிக் கோப்பை ஒன்று நின்றது. படப்பிடிப்பில் யாரோ மறந்துபோய் வைத்தது. ஊரெல்லாம் சிரித்த பிறகு கணினியில் அழித்தார்கள். அந்த மேஜையில் மாமியின் கோப்பை இருந்திருந்தால் யாருக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது.

#21 பூதப்பாண்டி சைவம்

பரணில் இருந்து இறக்கிப் பார்த்தாயிற்று. 'ஃபைன் சைனா' என்றுதான் போட்டிருக்கிறது. அம்மா நம்பவில்லை. ஜன்னலில் வைத்துக் கையை ஆட்டிப் பார்த்தோம், வெள்ளையில் நீலம் ஓடுகிறது. இப்போது அம்மாவுக்கு வருத்தம் வேறு: இத்தனை வருஷம் வீணாகப் பரணில் கிடந்ததே என்று. நாளைக்கு அதில் ரசவடை.

#22 தக்கலை மருமகள்

தீர்ப்பு வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் சொன்ன கத்தனார் ஆயுதத்தைப் பிரயோகித்தேன். "ஆமா, பாத்தேன், அதுக்கென்ன?" என்றார் மாமி. யூடியூபில் அதன் பழைய அத்தியாயம் ஒன்றைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நீலி வருகிற இடத்தில், "இவ அப்படியில்ல, எங்க பாட்டா சொன்ன கதையில வேற" என்று தொடங்கி, வில்லுப்பாட்டில் கேட்டதை முழுவதும் சொன்னார். என் வீட்டுக்காரரும் நானும் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டோம். அதில் நீலியிடம் மாட்டிய செட்டிப்பிள்ளையின் பயத்தை மாமி நடித்துக் காட்டியது எந்தத் தொடரிலும் இல்லாதது.

அதற்குப் பிறகு பேரம் நடந்தது. நாலு கோப்பையும் சாஸரும் கீழே வரும், ஞாயிற்றுக்கிழமை மட்டும். தட்டுகள் அலமாரியிலேயே இருக்கும். சூப் தட்டு விஷயத்தை மாமி யோசித்துச் சொல்வாராம். பதிலுக்கு நான் ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு வாசிக்காத புத்தகத்தைத் திறந்து அரை மணி நேரம் அவருக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவருக்குக் கண் மங்கல், எழுத்து சின்னதாக இருக்கிறதாம். "இத்தன நாளு வாங்கி அடுக்கினியே, அதுல என்ன எழுதிருக்குன்னு நானும் கேக்கட்டும்." புத்தகத்துக்குக் காசு போட்டது வீண் என்று சொன்னதே இதற்காகத்தானோ என்று எனக்கு இப்போது சந்தேகம்.

டிராகனுக்கு அவரும் உட்காருவார், ஆனால் தமிழில் பேச வேண்டும்.

குண்டறை ஐயாவிடம் ஒரு கேள்வி. மாமி எதையும் தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத்தான் துலக்குவார். கோப்பையை யார் கழுவுவது என்பதில்தான் இப்போது பேச்சுவார்த்தை நிற்கிறது.

#23 குண்டறைக் களி

தும்பு ஆகவே ஆகாது, சாம்பலும் வேண்டாம். தங்கக் கோடு பூச்சுக்கு மேலே மெலிசாகப் பிடித்திருப்பது, நாலு தேய்ப்பில் போய்விடும். பஞ்சும் சோப்புத் தண்ணீரும் போதும். தொட்டியில் நேராகக் கழுவ வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் பேசினில் பழைய துண்டை மடித்துப் போட்டு அதற்குள் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். சாயா ஊற்றும் முன் வெந்நீர் விட்டு ஒருதரம் அலசிக்கொள்ளுங்கள், அலமாரிக் குளிரில் இருந்து வந்த கோப்பைக்குக் கொதிக்கிற சாயா ஆகாது.

அப்புறம், குழாய் மூக்கில் ஒரு துண்டு ரப்பர் டியூப் மாட்டிவிடுங்கள். நான் பார்த்த உடைந்த விளிம்பெல்லாம் பெரும்பாலும் அங்கே இடித்ததுதான்.